பச்சை நிறப் பென் டிரைவ்

எங்கள் பெங்களூர் அலுவலகக் கட்டடத்தில் மாடிக்கு மூன்று வீதம் ஏழு மாடியிலும் பலகை மாட்டியிருக்கிறது. இங்கே புகைபிடிப்பது குற்றம், மீறினால் அபராதம், புகார் சொல்ல இன்னாரை அழைக்கவும் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். அந்த இன்னார் நான்தான். பலகையில் ஒரு பொறுப்பாளரின் பெயரும் எண்ணும் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். கட்டட நிர்வாகம் என் கையில் இருந்ததால் இதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகைகள் வேனில் வந்து இறங்கிய அன்று, மேலே ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தபோதுதான் என் பெயரை நானே பார்த்தேன்.

அன்றிலிருந்து என் கைபேசிக்கு ஓய்வில்லை. ஏசி குளிர்கிறது, காபி மெஷினில் பால் வரவில்லை, நாலாவது மாடிக் கழிப்பறையில் சோப்பு தீர்ந்துவிட்டது என்று எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன். சுவரில் ஒரு எண் எழுதியிருந்தால் மனிதர்களுக்குக் கூப்பிடாமல் இருக்க முடிவதில்லை. ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்துவிட்டதாக ஒருவர் கூப்பிட்டார். "ஏங்க, அது சிகரெட் போர்டுங்க" என்றேன். "இருக்கட்டும் சார், நம்பர் உங்களுதுதானே?" என்றார்.

உண்மையான புகைப் புகார்களும் வரும். பெரும்பாலும் தீப்பிடித்தால் இறங்குவதற்கான படிக்கட்டிலிருந்து. நான் மூச்சிரைக்க ஐந்தாவது மாடிக்கு ஏறிப் போவதற்குள் ஆள் போயிருப்பான். மணல் வாளியில் ஒரு சிகரெட் துண்டு மட்டும் நின்றுகொண்டிருக்கும். இருபத்தைந்து வருடம் விடாமல் புகைத்தவன் நான். ஒரு டாக்டர் என் கையில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லி, என்னால் ஊத முடியாமல் போனதிலிருந்து மூன்று வருடமாகத் தொடவில்லை. இந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த மூலையில் நின்றால் காற்று எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். "அந்த வேலைக்கு உங்களை விட்டா வேற யாரு இருக்கா?" என்று லிங்கராஜபுரத்தில் என் வீட்டு அடுப்படியில் நின்று என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு வேப் வந்தது, பேட்டரியில் ஓடும் மின்சிகரெட். அதை விற்கவே கூடாது என்று நாடு முழுக்கத் தடை. ஆனாலும் இளசுகளின் பையில் எப்படியோ இருக்கிறது. பீடியும் சிகரெட்டும் நாறும், பிடித்துவிடலாம். இது மணக்கிறது. மூன்றாவது மாடியில் தர்பூசணி வாசனை, ஆறாவது மாடி லிஃப்டில் புதினா வாசனை. யாரோ பழக்கூடையை ஒளித்து வைத்துத் தின்கிறார்கள் என்று துப்புரவு மேஸ்திரி என்னிடம் மெய்யாகவே புகார் சொன்னார். ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தபோது, "சார், இது ஸ்மோக் இல்ல, வேப்பர். உங்க போர்டுல சிகரெட் படம்தான் போட்டிருக்கு" என்று எனக்கே சட்டம் சொன்னான். அவன்மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று போனது. அவன் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

எங்கள் அலுவலகத்தில் புகையைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பென் டிரைவ். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கணக்குவழக்கெல்லாம் எங்கள் கம்ப்யூட்டர்களில் இருப்பதால், அதைப் பிரதி எடுக்கக்கூடிய எந்தப் பொருளும் உள்ளே வரக்கூடாது. வேலை செய்யும் தளத்துக்குள் நுழையும்போது செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பார்கள். கைபேசியின் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பென் டிரைவ் அகப்பட்டால் உறையில் போட்டு முத்திரை வைத்து, பதிவேட்டில் எழுதி, தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஆள் அநேகமாகத் திரும்ப உள்ளே வருவதில்லை.

அப்படி மாட்டிக்கொண்ட ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். ஈஜிபுராவில் பிஜி என்கிற பெண்கள் விடுதி ஒன்றில் நான்கு பேருடன் தங்கியிருந்தாள். சேர்ந்த அன்று நாற்பது காகிதங்களில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், யார்தான் படிக்கிறார்கள்? பென் டிரைவ் விவரம் அதில் முப்பதாவது காகிதத்தில் இருந்திருக்கும்.

ஒரு புதன்கிழமை காலை பெண்கள் வரிசையில் செக்யூரிட்டி அம்மா அவள் டிபன் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்திருக்கிறார். சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்மணி, வேலையில் ரொம்பக் கறார். உள்ளே பச்சை நிறத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பொருள்.

"இது என்னாம்மா?"

அவள் பயந்துவிட்டாள். வேப் என்று சொன்னால் வீடு வரை போய்விடும் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டிருக்கிறாள். வாயில் வந்ததைச் சொன்னாள். "பென் டிரைவ்க்கா."

பயந்தவர்கள் சின்னக் குற்றத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இவள் சின்னக் குற்றத்தை மறைக்க, அந்தக் கட்டடத்திலேயே ஆகப் பெரிய குற்றத்தைத் தானாக ஒப்புக்கொண்டாள். இவ்வளவும் தெரியாமல், உறையில் போட்டதைப் பார்த்துத் தப்பித்தோம் என்றே நினைத்திருக்கிறாள். பதிவேட்டில் 'பென் டிரைவ், பச்சை, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

தகவல் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் முப்பத்தைந்து வயதுக்காரர். தாடியைச் சீராக வெட்டிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் பாதி சந்தேகத்துடன் பேசுபவர். அவருடைய ஆட்கள் அதன் அடியில் சார்ஜருக்கான துளை இருப்பதைப் பார்த்து ஒரு கேபிளைச் சொருகியிருக்கிறார்கள். சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் வரவில்லை. திறக்க முடியாத பூட்டுப் போட்ட கருவி என்று முடிவு கட்டிவிட்டார்கள். எவ்வளவுக்கு எவ்வளவு ஒன்றும் தெரியவில்லையோ அவ்வளவுக்கு அவ்வளவு அவள் பெரிய கைகாரியாகிக்கொண்டே போனாள். அவள் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு, தரைத்தளத்தில் காலியாக இருந்த பயிற்சி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். படித்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்து இரண்டு நாள் செய்த காரியம் இது.

செக்யூரிட்டிப் பதிவேடு என் பொறுப்பில் வருவதால், வியாழக்கிழமை ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட என்னைத் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அந்த உறை திறந்து கிடந்தது. குனிந்து கையெழுத்துப் போடும்போது மூக்கில் ஏறியது. கொய்யாப்பழம். நன்றாகப் பழுத்த கொய்யாப்பழம். எதிரே மூன்று பேர் ஏதோ அணுகுண்டைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே சொல்லியிருப்பேன். ஆனால் முதலில் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

பயிற்சி அறையில் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் என் பெயர்ப் பலகை. நான் கதவைச் சாத்தவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, அது பென் டிரைவ் இல்லதானே?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எங்கம்மா கெடச்சுது உனக்கு அந்தச் சனியன்?"

"பிஜில ஒரு அக்கா வச்சிருந்தாங்க சார். மதியம் சாப்பிட்டா தூக்கம் தூக்கமா வருது, ட்ரெயினிங்ல திட்டுறாங்கன்னு சொன்னேன். இது இழு, தூக்கம் வராதுன்னாங்க. ரெண்டு வாரமாத்தான் சார்."

"தூக்கம் வந்தா மூஞ்சி கழுவணும்மா. நெஞ்சுக்குள்ள அதை ஏத்தி வச்சிட்டு அப்புறம் என்ன மாதிரி மாடிப்படி ஏற முடியாம நிப்பியா?" எனக்கு அவள்மேல் நல்ல எரிச்சல். அதைவிட இரண்டு நாளாக வாயைத் திறக்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை. விஷயத்தை உடைத்துச் சொன்னேன். பென் டிரைவ் என்றால் வேலை போகும். போவதோடு நிற்காது, தகவல் திருடியவள் என்று பதிவாகும். அடுத்த கம்பெனிக்காரன் விசாரிப்பான், அதற்கடுத்தவனும் விசாரிப்பான். வேப் என்றால் ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான். "நாளைக்குக் கமிட்டி உக்காருது. உண்மையச் சொல்லிட்டுப் போய் சீட்ல உக்காரு."

"வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"திருடினேன்னு சொன்னா எங்கப்பா நம்பமாட்டாரு சார். இங்க வந்து சண்டை போடுவாரு, எம் பொண்ணு அப்படி இல்லன்னு. இதைச் சொன்னா உடனே நம்பிடுவாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெங்களூருக்கு அனுப்புறப்பவே சொன்னாரு. அங்க பொண்ணுங்கல்லாம் தம் அடிக்குமாம், அப்படி ஏதாவது காதுல விழுந்துச்சு, அன்னைக்கே மூட்டை கட்டிடுவேன்னு. எனக்கு இந்த வேலை வேணும் சார். திரும்ப ஊருக்குப் போனா அடுத்த மாசமே கல்யாணந்தான்."

நான் எத்தனையோ சாக்குப்போக்குகளைக் கேட்டவன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஆனாலும் அன்றைக்கு அது எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் பட்டது. ஒரு தகப்பனுக்குத் திருட்டைவிடக் கொய்யாப்பழப் புகை பெரிதாகிவிடுமா? "உங்கப்பாவுக்கு யாரும்மா சொல்லப் போறா? அந்த ரூமைத் தாண்டி வெளிய போகாது. நான் சொல்றேன்ல" என்றேன். அவள் என்னை நம்பித் தலையாட்டினாள் என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமல் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஏழாவது மாடிக் கூட்ட அறையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். தாடிக்காரர், மனிதவளப் பிரிவு மேடம், நான், மேஜையின் கடைசியில் அந்தப் பெண். நடுவில் உறை. நான் விஷயத்தைச் சொன்னேன். அவளும் தலையைக் குனிந்தபடி ஆமாம் என்றாள். இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தாடிக்காரருக்கு இரண்டு நாள் வேலை வீணானதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"பேனாலயே கேமரா வச்சு விக்கிறாங்க சார். இது வேப் மாதிரி செஞ்ச ஸ்டோரேஜா இருந்தா? ப்ரூஃப் என்ன?" என்றார்.

"வாசனை இருக்கே, மோந்து பாருங்க."

"ஸ்மெல் எவிடென்ஸ் இல்ல சார்."

லேபுக்கு அனுப்ப வேண்டும், அறிக்கை வர மூன்று வாரமாகும், அதுவரை அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம் என்று அவர் பேசிக்கொண்டே போனார். மேடம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உறைக்குள் கையை விட்டு அதை எடுத்தேன். வாயில் வைத்து, பழைய ஞாபகத்தில் நெஞ்சு நிறைய இழுத்தேன்.

மூன்று வருடம் கழித்து உள்ளே போன முதல் இழுப்பு. தொண்டை எரிந்தது. ஆனாலும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உடம்பு முழுவதும் அதை வரவேற்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு மேஜைக்கு மேல் வெள்ளையாக ஒரு மேகம் எழும்பித் தாடிக்காரரின் முகத்தை நோக்கிப் போனது. அறை முழுக்கக் கொய்யாப்பழம். எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை.

"சார், ஒளகே பேடா சார்!" என்று மேடம் கன்னடத்தில் பதறினார். உள்ளே கூடாதாம். சொல்லிவிட்டு அவர் கை சுவரில் இருந்த பலகையைக் காட்டியது.

"போதுமா ப்ரூஃப்? இதுல எந்த ஃபைல் வெளிய வந்துச்சுன்னு பாத்து எழுதிக்கோங்க" என்றேன் தாடிக்காரரிடம். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

அவளுக்கு எச்சரிக்கை. எனக்கும் வாய்மொழியாக ஒன்று. மதியமே அவள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காபி மெஷின் பக்கத்தில் பார்த்தபோது "தேங்க்ஸ் சார்" என்றாள். "அதைத் தொட்டே, நானே எழுதிக் குடுப்பேன்" என்று மிரட்டினேன். அவள் முதல்முறையாகச் சிரித்தாள். வீட்டுக்குப் போனால் என் மனைவி சட்டையை முகர்ந்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். முழுக்கதையும் சொன்னேன். "எதுக்கு நீங்க இழுக்கணும்? அந்தத் தாடிக்காரனை இழுக்கச் சொல்றதுதானே?" என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு நன்றாக இறங்கியது. ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு பெருமை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரைதான் அந்தப் பெருமை.

எங்கள் கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் என்றால் ஒன்று கையில் கொடுப்பார்கள். பயிற்சிக் காலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரதி, படிவத்தில் கொடுத்த நிரந்தர முகவரிக்குப் பதிவுத் தபாலில் போகும். யார் எப்போது போட்ட விதியோ. சிரித்துக்கொண்டே கடிதம் வாங்கினானே ஒருவன், அவன் பழைய ஆள். அதனால் அவனுக்குப் போகவில்லை. தபால் அனுப்புவது என் பிரிவுதான். திங்கட்கிழமை போன தபால் கட்டுக்குள் அவள் ஊர் முகவரியும் இருந்திருக்கிறது. கட்டுக்கான சீட்டில் கையெழுத்துப் போட்டது நான். உள்ளே எந்தெந்தக் கடிதம் என்று நான் பார்ப்பதில்லை. ரூமைத் தாண்டிப் போகாது என்று வாக்குக் கொடுத்தவன், அதை நானே தபாலில் சேர்த்திருக்கிறேன்.

அவள் அப்பா காலை பதினொரு மணிக்கு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த துணிப்பை. ஊரில் உரக்கடை வைத்திருக்கிறாராம். கத்துவார், ரகளை செய்வார் என்று எதிர்பார்த்துத்தான் இறங்கி வந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"சார், அது சும்மா ஒரு வார்னிங் லெட்டர். ஒண்ணுமே இல்ல. இங்க பாதிப் பேருக்கு வந்திருக்கு. பொண்ணு நல்லா வேலை செய்யுது, நான் கேட்டுட்டேன்" என்றேன். பாதிப் பேர் என்பது பொய். அந்த நேரத்தில் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன்.

"நீங்க சொல்றது சரிதான் சார். கம்பெனி மேல தப்பே இல்ல. லெட்டர் போட்டு சொன்னீங்களே, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும். புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்."

"ரெண்டு வாரம் இழுத்துப் பாத்திருக்கு, விட்டுடுச்சு. இதுக்குப் போய் வேலைய விட வைக்கலாமா சார்?"

"பொம்பளப் புள்ள சார்" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல.

நான் விடவில்லை. இந்த வேலை கிடைப்பது எவ்வளவு கடினம் என்றேன். இன்னும் ஒரு வருடம் இருந்தால் எவ்வளவு உயரும் என்றேன். எல்லாவற்றுக்கும் பணிவாகத் தலையாட்டினார். ஒன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை. இருபது நிமிடம் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் மேலே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். பிஜியிலிருந்து கொண்டுவந்த இரண்டு பைகள் செக்யூரிட்டி மேஜைக்குப் பக்கத்தில் இருந்தன. போகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வதும் என் வேலைதான். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். படத்தில் வேறு யாரோபோல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன்ல சார்" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். மகள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் சட்டையிலிருந்து வந்த வாடையை நான் அப்போதுதான் கவனித்தேன். இருபத்தைந்து வருடம் என் சட்டையிலும் இருந்த வாடை.

"தப்பா நெனைக்காதீங்க சார். விடியக்காலைல பஸ் ஏறினது. இங்க எங்க நின்னு ஒரு சிகரெட் பிடிக்கலாம்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அடையாள அட்டையை அவர் முகத்துக்கு முன்னால் ஆட்டிக் கேட்டிருக்கலாம். என்னென்ன கேட்க வேண்டும் என்று இப்போதுவரை வரிசையாக மனதில் இருக்கிறது. ஒன்றையும் கேட்கவில்லை. வேலைப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது.

"உள்ள எங்கயும் கூடாது சார். கேட்டைத் தாண்டி இடது பக்கம் போங்க" என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். நிதானமாக இரண்டு பிடித்தார். அவர் முடித்துவிட்டு வரும்வரை அவள் இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளேயே காத்திருந்தாள்.